திறக்கப்படாத விடைத்தாள்

பதினைந்து விடைத்தாள்கள். பாடம், வரலாறு. ஏற்கெனவே ஒருமுறை திருத்தப்பட்டு, பதினைந்தும் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தவை. அவற்றைப் பொறுக்கியெடுத்து, அனுபவமுள்ள 15 தேர்வாளர்களிடம் மறுபடி திருத்தக் கொடுத்தார்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த பிலிப் ஹார்டாகும் இ.சி. ரோட்ஸும். ஒரே எண்ணோடு போன தாள்கள் வெவ்வேறு எண்களோடு திரும்பி வந்தன. அதுகூடப் பெரிதில்லை. பதினைந்து பேர் பதினைந்து விதமாக நினைப்பது உலக வழக்கம்தான். ஓராண்டுக்கு மேல் கழித்து அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மீண்டும் கொடுத்தபோதுதான் வினோதம் தெரிந்தது. மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல், அந்தந்தத் தேர்வாளர் தான் முன்பு சொன்ன தீர்ப்பையே மாற்றியிருந்தார். சிலவற்றில் அன்று தேர்ச்சி என்றது இன்று தோல்வி. வேறு சிலவற்றில் அன்று தோல்வி என்றது இன்று தேர்ச்சி.

இந்த ஆய்வு 1935இல் வெளிவந்தது. ஹார்டாக் நமக்கு அந்நியர் அல்ல. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1929இல் இந்தியக் கல்வி நிலை குறித்து அறிக்கை தந்த குழுவின் தலைவர். இந்தியத் தேர்வுகளைப் பார்த்த பழக்கத்தில்தான் அவருக்கு இந்தச் சந்தேகம் வந்ததோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. வரலாறு போன்ற பாடங்களில்தான் இப்படி, கணக்கில் நடக்காது என்பார் உண்டு. 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஒரு வடிவியல் விடைத்தாளை நகலெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். வந்த மதிப்பெண்கள் 28இலிருந்து 92 வரை.

மதிப்பெண் என்பது மாணவர் எழுதியதை மட்டும் அளப்பதில்லை. திருத்தியவரின் கறாரையும் களைப்பையும் சேர்த்தே அளக்கிறது. அந்த இரண்டாவது பங்கைப் பிரித்து வெளியே எடுக்கும் வேலைக்குத்தான் மாடரேஷன் என்று பெயர். தமிழில் சீராக்கம் எனலாம். திருத்தியவரைச் சரிசெய்வது ஒரு வகைச் சீராக்கம். எண்ணை மட்டும் சரிசெய்வது இன்னொரு வகை. முதலாவதற்கு விடைத்தாளைத் திறந்து படிக்க வேண்டும். இரண்டாவதற்குக் கணினி போதும். கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் தேர்வு தொடர்பாக எழுந்த பெரிய அநீதிகள் பலவற்றை எடுத்துப் பார்த்தால், விடைத்தாளைத் திறக்காமலேயே எண்ணில் கை வைத்த இடத்தில்தான் அவை பிறந்திருக்கின்றன.

திறந்து பார்க்கும் முறை எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊர் விடைத்தாள் திருத்தும் முகாமையே பார்க்கலாம். முகப்புத்தாள் கிழிக்கப்பட்டு, பெயரும் பள்ளியும் தெரியாமல் கட்டுகள் வரும். ஏ.இ. எனப்படும் உதவித் தேர்வாளர்கள் திருத்துவார்கள். எஸ்.ஓ. எனப்படும் கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலைச் சரிபார்ப்பார், திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்று புரட்டுவார். சி.இ. எனப்படும் முதன்மைத் தேர்வாளர் ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி, தானே படித்துப் பார்ப்பார்.

இயற்பியலில் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள். இரண்டாவது வரியில் ஒரு கழித்தல் குறி கூட்டலாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்தது எல்லாம், அந்தத் தவறான குறியை வைத்துக்கொண்டு பார்த்தால், சரி. கடைசி விடை தப்பு. ஒரு ஏ.இ. சூத்திரத்துக்கு ஒன்று போட்டு மீதியைக் கோடு கிழித்துவிடுகிறார். பக்கத்து மேசைக்காரர் நான்கு போடுகிறார். இருவரும் விடைக்குறிப்பை எதிரே வைத்துக்கொண்டுதான் திருத்துகிறார்கள். அதில் படிக்குப் படி மதிப்பெண் இருக்கிறது, தவறான குறியோடு தொடர்ந்தால் என்ன செய்வது என்று இல்லை. சி.இ. எழுந்து நின்று, “குறி தப்பான இடத்தில் மட்டும் குறைங்க சார், ஒரே தப்புக்கு நாலு தடவை தண்டிக்காதீங்க” என்று அறைக்குப் பொதுவாகச் சொல்கிறார். ஏற்கெனவே திருத்திய கட்டுகளை மறுபடி திறக்கச் சொல்கிறார். சீராக்கத்தின் உயிர் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

ஆபத்தும் இதே நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அந்த வாக்கியம் பக்கத்து மாவட்ட முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததா? நேற்று மாலை கட்டி அனுப்பிய கட்டுகளை யாராவது பிரித்தார்களா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த இரண்டாவது கட்டில், அருமையான ஒரு தாளுக்கு அடுத்து வந்த சுமாரான தாள், அந்த வரிசையில் வந்த குற்றத்துக்காகவே இரண்டு மதிப்பெண் இழக்கவில்லையா? முகாமில் இருப்பவர்கள் மனச்சாட்சி உள்ளவர்கள்தான். ஆனால் நாள் குறித்த பிறகு, முடிவு வெளியாகும் தேதி எல்லோரையும் துரத்துகிறது.

சி.இ. உருவியெடுத்த தாள்களைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு திருத்துநரின் மூன்று தாள்களை சி.இ. பார்க்கிறார். அவர் போட்டது சி.இ. போட்டதைவிட ஆறு, ஐந்து, ஆறு கூடுதல். இன்னொருவரின் மூன்று தாள்கள்: ஒன்றில் ஒன்பது கூடுதல், ஒன்றில் எட்டு குறைவு, ஒன்றில் வித்தியாசமே இல்லை. சராசரி மட்டும் பார்க்கும் அதிகாரி இரண்டாமவரை நல்ல திருத்துநர் என்பார். உண்மையில் முதலாமவர்தான் பரவாயில்லை. அவர் கை தாராளம், ஆனால் ஒரே மாதிரித் தாராளம். அவர் கட்டு முழுவதிலும் கழித்துச் சரிக்கட்டிவிடலாம். இரண்டாமவரின் தாள்களை எந்தக் கூட்டல் கழித்தலாலும் காப்பாற்ற முடியாது. வேறொருவர் முதலிலிருந்து திருத்தியாக வேண்டும். கணக்கால் தீர்கிற பிழை, கணக்கால் தீராத பிழை என்ற இந்தப் பாகுபாடு தெரியாதவர் கையில் சீராக்கத்தைக் கொடுப்பது, மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாதவரை மருந்துக் கடையில் உட்கார வைப்பதற்குச் சமம்.

அகமதிப்பீடு, அதாவது இன்டர்னல் மார்க், இன்னும் மோசம். அங்கே இந்த அளவுக்குக்கூடக் கண்காணிப்பு இல்லை. பெரும்பாலான இடங்களில் எல்லோருக்கும் முழு மதிப்பெண். எல்லோருக்கும் போடும்போது அது மதிப்பீடே அல்ல, அன்பளிப்பு. போடாத இடத்தில் அது ஆசிரியர் கையிலுள்ள சாட்டை. செய்முறை நோட்டையும் செயல்திட்டத்தையும் இன்னொரு ஆசிரியர் மாதிரிக்காகவாவது புரட்டிப் பார்க்காத வரை இது மாறாது.

இனி, தாளைத் திறக்காத சீராக்கம். இதன் விலையைத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

1970ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதித் தேர்வை ஒட்டி இலங்கையில் ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. தமிழ்மொழி மூல விடைத்தாள்களைத் திருத்திய தமிழ்த் தேர்வாளர்கள் தம் பிள்ளைகளுக்கு அள்ளிப் போடுகிறார்கள் என்பது அது. இது விடைத்தாள் பற்றிய கேள்வி. விடைத்தாளை எடுத்து வேறொருவரைத் திருத்தச் சொன்னால் ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும் கேள்வி. அரசு தந்த பரிகாரமோ அனுமதி மதிப்பெண்ணில் இருந்தது. மருத்துவ பீடத்தில் நுழைய 400க்குத் தமிழ் மாணவருக்கு 250, சிங்கள மாணவருக்கு 229 என்று ஆயிற்று. இரு தரப்பும் ஆங்கிலத்தில் எழுதியபோதும் இந்த வேறுபாடு நீடித்ததாக வரலாற்றாசிரியர் கே.எம். டி சில்வா பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் திருத்தியவர் மொழி பற்றிய வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது; அடுத்த ஆண்டு மாவட்ட ஒதுக்கீடு. மாவட்ட ஒதுக்கீட்டால் பின்தங்கிய பகுதிகளின் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, பயனடைந்ததையும் மறைக்கக் கூடாது. அது சமூக நீதிக் கொள்கை. அதை வெளிப்படையாக வைத்து விவாதிக்கலாம். ஆனால் தேர்வாளர்மீது வைத்த சந்தேகத்துக்கு மாணவர் தலையில் அபராதம் விதித்தது எந்தக் கொள்கையிலும் சேராது. ‘தரப்படுத்தல்’ என்ற புள்ளியியல் சொல் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையின் காயத்தின் பெயராகிப் போனது இப்படித்தான்.

2001இலிருந்து இலங்கை இசட் புள்ளி முறைக்கு மாறியது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த முறை. யோசனை எளிது. பௌதிகவியலில் சராசரி 38, திட்ட விலக்கம் எனப்படும் பரவல் 15 என்றால், அதில் 68 எடுத்தவர் சராசரியிலிருந்து இரண்டு பரவல் மேலே நிற்கிறார். அவர் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 62, பரவல் 9 என்றால் அதில் 71 எடுத்தவருக்குப் புள்ளி 1 தான். வெறும் மதிப்பெண்ணில் 71 பெரிது. தன் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் 68 பெரிது. கடினமான பாடத்தை எடுத்த பிள்ளை தண்டிக்கப்படாமலிருக்க இது நல்ல வழி. மொழி, இனம் எதுவும் கணக்கில் வராது.

ஆனால் ‘தன் கூட்டம்’ என்பது யார்? 2011 உயர்தரப் பரீட்சையில் இந்தக் கேள்வி வெடித்தது. அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் முதல்முறை எழுதியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் மறுமுறை எழுதியவர்களும் தனித்தனி வினாத்தாள்களை எழுதினார்கள். புள்ளி கணக்கிடும்போது இரு கூட்டத்தையும் ஒரே குவியலாக்கினார்கள். என்ன ஆகும்? ஒரு தாளில் சராசரி 55, மற்றதில் 40 என்று கொள்வோம். முதல் தாளில் 55 எடுத்தவர் தன் கூட்டத்தில் நட்டநடுவில் நிற்கிறார். இரண்டாவதில் 55 எடுத்தவர் மிக மேலே நிற்கிறார். குவியலில் இருவரும் ஒன்று. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூன் 25 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்து செய்து, இரு கூட்டத்தையும் தனித்தனியாகக் கொண்டு மறுபடி கணக்கிடச் சொன்னது.

தீர்ப்பு சரி. ஆனாலும் தனித்தனியாகக் கணக்கிடுவதிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: இரு கூட்டமும் சமத் திறமை உள்ளவை என்பதே அது. இரண்டாம் முறை எழுதியவர்களின் சராசரி உயர்ந்திருந்தால், அதற்குத் தாள் எளிது என்பது காரணமா, கூடுதலாக ஓராண்டு படித்தது காரணமா? இசட் புள்ளிக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தூரம்.

இதே ஊகத்தின் இன்னொரு உருவம் 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தை உலுக்கியது. கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் நடக்கவில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தரநிலை மதிப்பிட்டு, வகுப்பில் முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்தியும் அனுப்பினார்கள். ஆசிரியர்களின் மதிப்பீடு தாராளமாகத்தான் இருந்தது. முந்தைய ஆண்டு மிக உயர்ந்த தரநிலைகளான ஏ, ஏ ஸ்டார் பெற்றவை சுமார் 25 சதவீதம்; ஆசிரியர்கள் கொடுத்திருந்ததோ சுமார் 38 சதவீதம். ஏதாவது சீராக்கம் தேவைப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்க்வால் என்ன செய்தது? ஆசிரியர் தந்த தரநிலையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவு அச்சில் அந்த வரிசையை ஊற்றியது.

ஒரு வகுப்பில் 27 பேர். அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்தில் ஆண்டுதோறும் ஒருவராவது தோற்றிருக்கிறார். அப்படியானால் இந்த ஆண்டும் ஒருவர் தோற்றாக வேண்டும். அது வரிசையில் 27ஆவது இடத்திலிருப்பவர். அவள் என்ன எழுதியிருப்பாள் என்பது கேள்வியே இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மூன்று வருடம் முன்பு யாருடையது என்பதுதான் கேள்வி. இதற்கு நேர்மாறாக, ஒரு பாடத்தில் ஐந்து பேருக்கு மேல் இல்லாத வகுப்புகளில் புள்ளியியல் செல்லாது என்று ஆசிரியர் தரநிலையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணப் பள்ளிகளில். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஆசிரியர் தந்த தரநிலைகளில் 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. தனியார் பள்ளிகளில் ஏ, ஏ ஸ்டார் பங்கோ முந்தைய ஆண்டைவிட 4.7 சதவீதப் புள்ளி ஏறியிருந்தது. நான்கே நாளில், 17ஆம் தேதி, அரசு பின்வாங்கி ஆசிரியர் தரநிலையையே ஏற்றது. அதற்குச் சில நாள் முன்பு ஸ்காட்லாந்து இதே காரியத்தைச் செய்து இதே போலப் பின்வாங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தும் லண்டன் கற்கவில்லை. பிரதமர் போரிஸ் ஜான்சன் பிறகு அந்தக் கணினி முறையை மரபு பிறழ்ந்த ஒன்று என்று பழித்தார். அது பிறழவில்லை. சொன்னதைச் செய்தது. நாடு முழுவதுக்குமான எண்ணிக்கை கெடக் கூடாது என்று சொன்னார்கள், கெடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நியாயம் வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவே இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சி.பி.எஸ்.இ. பல ஆண்டுகளாக வினாத்தாள் கடினம் என்று காரணம் காட்டி மதிப்பெண் கூட்டிவந்தது. 2017 ஏப்ரலில், தேர்வுகள் நடந்துகொண்டிருந்த வேளையில், அந்த வழக்கத்தைக் கைவிட முடிவெடுத்தது. மே 23 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பழைய முறையையே பின்பற்றுங்கள் என்றது. மதிப்பெண் கூட்டியது நல்ல பழக்கமா என்று கேட்டால், இல்லை. ஆனால் எழுதத் தொடங்கிவிட்டவர்மேல் புது விதியை ஏவுவது அதைவிடக் கெட்ட பழக்கம்.

2024 நீட் தேர்வில் இன்னும் கூர்மையான பாடம் கிடைத்தது. சில மையங்களில் வினாத்தாள் தருவதில் நேரம் வீணாயிற்று. இழந்த நேரத்துக்கு ஈடாக 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டார்கள், வேறொரு நுழைவுத் தேர்வுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சூத்திரத்தைக் கடன் வாங்கி. முடிவு வந்ததும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள்: 718, 719 என்று மதிப்பெண்கள். சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழிவு. 180 கேள்வி, 720 மதிப்பெண். ஒரு கேள்வியை விட்டால் 716. ஒன்று தப்பானால் 715. 718 எப்படி வரும்? எட்டாம் வகுப்புப் பையன் கேட்கக்கூடிய இந்தக் கேள்வியை முடிவை வெளியிடும் முன் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கருணை மதிப்பெண் ரத்தானது. ஜூன் 23 மறுதேர்வு. 1563 பேரில் 813 பேர் வந்து எழுதினார்கள்.

தேர்வுக்கு முன்பே செய்ய வேண்டிய சீராக்கம் ஒன்றும் உண்டு. வினாத்தாளைச் சீராக்குவது. 2018 நீட்டில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. தமிழில் எழுதிய அனைவருக்கும் கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, பின்னர் ரத்தும் செய்தது. 720இல் 196ஐ எல்லோருக்கும் ஒரேயடியாகத் தருவது முறையல்ல என்பது புரிகிறது. ஒன்றும் தராமல் விட்டதால், பிழையான கேள்வியோடு மல்லுக்கட்டி நேரம் தொலைத்த பிள்ளைக்கு என்ன பரிகாரம் என்பதுதான் புரியவில்லை. தமிழ் அறிந்த இரண்டு பாட ஆசிரியர்கள் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து படித்திருந்தால் இரண்டு நீதிமன்றங்களின் நேரம் மிஞ்சியிருக்கும்.

ஆபத்தைக் குறைக்கும் வழிகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. திரையில் திருத்தும் முறை வந்துவிட்ட இடங்களில், ஏற்கெனவே மூத்தவர்கள் மதிப்பெண் முடிவு செய்த தாள்களை மற்றத் தாள்களுக்கு நடுவே தெரியாமல் நுழைக்கிறார்கள். திருத்துநர் அதில் தடம் மாறினால் அன்றே நிறுத்திப் பேசுகிறார்கள். நம் முகாம்களிலும் கட்டுக்கு ஒரு நகல் தாள் வைத்து இதைச் செய்யலாம். சி.இ. அறைக்குச் சொல்லும் அந்த வாக்கியத்தை அன்று மாலையே எழுத்தில் எல்லா முகாமுக்கும் அனுப்பலாம். மதிப்பெண்ணை மாற்றுபவர் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதிக் கையெழுத்திடலாம். காரணம் எழுத வேண்டும் என்றாலே பாதி விஷமம் நின்றுவிடும். புள்ளியியல் சூத்திரம் தேவையென்றால், எந்தக் கூட்டத்தோடு எந்தக் கூட்டத்தை ஒப்பிடுகிறோம் என்பதைத் தேர்வுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். சூத்திரம் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அசைத்தால், அந்தத் தாளை ஒரு மனிதர் திறந்து பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வேண்டும். செலவாகும்தான். வழக்குச் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

2011 ஆகஸ்ட் 9 அன்று, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தகவலே, எழுதியவர் அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமையுண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தியவர் யார் என்பதை மறைத்துக்கொள்ளலாம். திருத்தியது என்ன என்பதை மறைக்க முடியாது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்கள் விடைத்தாள் நகல் பெற்று, அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால், பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அந்த நகலை வாங்குங்கள். பாட ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடைக்குறிப்போடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். முடிவு வந்த அன்றே கேளுங்கள்.